கல்யாண வீட்டில் உங்கள் உதிர்ந்த பூ

என் அருமை அத்தானுக்கு,

சாரல் இந்த வருஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தென்காசித் தெருவில் நின்றாலே முகத்தில் பொடித்தூறல் விழுகிறது. மேற்கே பார்த்தால் மலை பாதிதான் தெரிகிறது. குற்றாலத்தில் வாடகைக்கு ஒரு மாட்டுத்தொழுவம்கூடக் காலி இல்லையாம். நீங்கள் இருந்தால் இந்நேரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் உங்கள் நாற்காலியில் உட்கார ஒரு ஏமாந்த ஆளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் கோமதிக்குக் கல்யாணம் முடிந்தது. ஆனி மாதத்து முகூர்த்தம், நம் வீட்டு வாசலிலேயே பந்தல். மாப்பிள்ளை வாசுதேவநல்லூர்ப் பையன். வயல் வரப்பு உண்டு, கையெழுத்தும் நன்றாக இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக் கேட்கிறான். நம் குடும்பத்தில் இல்லாத குணம், வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

உலகச் சண்டைக் காலமாதலால் சீனி கிடைக்கவில்லை. பாயசத்தைக் கருப்பட்டியில் வைத்தோம். முகத்தைச் சுளிப்பார்கள் என்று பயந்தால், வந்தவர்கள் இலையை எடுக்கவிடாமல் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

இதைச் சொல்லவா பத்திரிகையில் இத்தனை பேர் படிக்கக் கடிதம் என்று கேட்பீர்கள். இல்லை அத்தான். உங்கள் பாட்டு ஒன்றை வைத்துக் கல்யாண வீட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. நான் இருபது முப்பது மைல் சுற்றளவில் பேர்போன வாயாடி வக்கீல் குமாஸ்தா. நானே முதல் விசாரணையில் தோற்றேன். அந்தப் பாட்டு நம் ஊரில் பல பேருக்கு மனப்பாடம் என்பதால், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நீங்கள் எழுதியதுதான், ஆனாலும் படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

மலைமுடியில் ஒருமரத்தில் மலர்ந்த பூவை
மழைக்காற்று வந்தொருநாள் உதிர்த்துப் போகும்;
அலைபுரண்டு வருமருவி அதனை ஏந்தி
ஆற்றோடு கைகொடுத்து நடத்திச் செல்லும்;
நிலையான தெதுவென்று கேட்பார் கேட்க,
நீர்த்துறையில் குளிப்பவளோ சிரித்துக் கொண்டே
தலையினிலே அதைச்சூடி நிமிர்ந்து நின்று
தான்காணா மரம்நோக்கிக் கும்பிட் டாளே!

கோமதி பிறப்பதற்கு முன்னாலேயே, சிற்றாற்றுப் படித்துறையில் ஈரத் துண்டோடு நின்று இதைச் சொல்லிக் காட்டினீர்கள். நான் "ஆகா, நிலையாமையை எப்படிப் பாடிவிட்டீர்கள்!" என்று உருகினேன். நீங்கள் காதில் புகுந்த தண்ணீரைத் தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். ஏன் அன்றைக்கே என் தலையில் ஒரு குட்டு வைக்கவில்லை?

பிறகு நீங்கள் போனீர்கள். பதினாறாம் நாள் காரியத்தில் கோவில் ஓதுவார், உங்கள் சீட்டாட்டக் கூட்டாளி, எழுந்து நின்று இந்தப் பாட்டை முகாரி ராகத்தில் பாடினார். பூ என்றால் உயிர், காற்று என்றால் எமன், ஆறு என்றால் போகிற வழி என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டோம். அழாத ஆள் இல்லை. சமையற்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அதோடு உங்கள் பாட்டுக்குச் சாவு வீட்டுப் பாட்டு என்று முத்திரை விழுந்துவிட்டது. ஊரில் யார் இறந்தாலும் பாடினார்கள்.

கல்யாணம் நிச்சயமானதும் கோமதி என்னிடம் வந்தாள். அவள் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கமாட்டாள், உங்களுக்குத் தெரியாதா. நகை வேண்டாம், புடவை எதுவானாலும் சரி, தாலி ஏறினதும் அப்பா பாட்டை அந்தப் பந்தலில் பாடவேண்டும் என்றாள். அப்பா வந்து உட்கார முடியாது, அப்பா சொன்ன வார்த்தையாவது வந்து உட்காரட்டும் என்றாள். நான் தாய்மாமன். முடியாது என்று எந்த வாயால் சொல்ல?

ரோஸ் தாளில் வாழ்த்துமடல் அச்சடித்துப் பந்தலில் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் உங்கள் பாட்டைப் போட்டு, அச்சாபீசிலிருந்து வந்த முதல் தாளைச் சம்பந்திக்கு அனுப்பிவைத்தேன். அனுப்பின ஆளிடமே தாள் திரும்பி வந்துவிட்டது. சம்பந்தி உங்கள் காரியத்துக்கு வந்திருந்தவர். அன்றைக்கு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவர்.

அவர் குற்றாலத்தில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்துக் குளிக்க வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வில்வண்டி பிடித்துப் போனேன். மனிதர் உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் ஊறிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்துக் குத்தவைத்திருக்கும் மனிதனிடம் போய்க் கவிதை பேசலாமா? நான் பேசினேன். நிலையாமையை உணர்ந்தவனுக்குத்தான் இல்லறம் இனிக்கும் என்று ஆரம்பித்து, அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஒரு பிரசங்கமே செய்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கல்யாணத்தன்றைக்கே இதைப் பிள்ளைகளிடம் சொல்லியாகவேண்டுமா என்று விசாரித்தார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, பாட்டு நல்ல பாட்டு. நான் அழுத பாட்டு. அழுத பாட்டைக் கல்யாணப் பந்தல்ல எப்படிக் கேக்கச் சொல்லுதிய?"

வன்மத்தில் பேசியிருந்தால் நானும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அவர் உங்கள்மேல் இருந்த பிரியத்தில் பேசினார். இரண்டு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, தோற்ற கட்சிக்காரன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

கோமதி பழத்தை வாங்கி உரித்துத் தின்றுகொண்டே நடந்ததைக் கேட்டாள். கண்ணில் தண்ணீர் வருமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் என்மேல்.

"மாமா, நீங்களும் அதைச் சாவு வீட்டுல கேட்ட மாதிரியேதான் சொல்லிட்டு வந்திருக்கிய. ஆபீசுல பத்திரம் படிக்கிற மாதிரி ஒரு தடவை படிச்சா என்ன?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நியாயமாகத்தானே கேட்கிறாள்? எங்கள் ஆபீசில் ஒரு பத்திரம் வந்தால் யாரும் அதைப் பார்த்து உருகுவதில்லை. கொடுக்கிறவர் யார், கொடுத்தது என்ன, கடைசியில் யார் கைக்கு வந்தது என்று பார்ப்போம். எழுதியிருப்பதை விடக்கூடாது, எழுதாததைச் சேர்க்கக்கூடாது. இத்தனை வருஷத்தில் உங்கள் பாட்டை நான் ஒரு தடவைகூட அப்படிப் படித்ததில்லை அத்தான். கேட்ட மாத்திரத்தில் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரலால் வரி வரியாகத் தள்ளிப் படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

சம்பந்தி மறுநாளே கல்யாணச் சாமான் விஷயமாக நம் வீட்டுக்கு வந்தார். காலையில் அருவியில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தார். குற்றாலத்துத் தண்ணீரில் நின்றவன் பசி உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நான் புத்திசாலி. முதலில் இட்லி, பிறகு கொத்சு, அதற்குப் பிறகுதான் கவிதை.

காற்று பூவை என்ன செய்தது என்று கேட்டேன். உதிர்த்தது என்றார். எடுத்துக்கொண்டு போனதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இல்லை, காற்றுதான் போகிறது, பூ அங்கேயே விழுகிறது என்றார். எமன் என்றால் கையோடு கொண்டுபோயிருக்கமாட்டானா? அருவி அதை அடித்ததா, கிழித்ததா? ஏந்துகிறது. நம் பேரருவியின் அடியில் நின்றவனுக்குத் தெரியும் அந்த அடி. அந்த அருவி இங்கே கையைக் குவித்துக்கொண்டு வாங்குகிறது. ஆறு அதை இழுத்துக்கொண்டா போகிறது? கைகொடுத்து நடத்திச் செல்கிறது. புதுசாக ஊருக்கு வந்தவர்களை நாம் எப்படிக் கூட்டிக்கொண்டு போவோமோ அப்படி.

மனிதர் இட்லியைக் கையில் வைத்தபடியே கேட்டார். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. நிலையானது எது என்று கேட்கிறார்களே, அவர்கள் யார்? நானும் அவரும் ஓதுவாரும்தான் என்றேன். கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம், பாட்டு நமக்குப் பதில் சொல்ல நிற்கவில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கிறவளிடம் போய்விடுகிறது. அவள் சிரித்துக்கொண்டே அதை எடுத்துத் தலையில் வைக்கிறாள்.

"அண்ணாச்சி, இதுல எந்த இடத்துலயாவது பூ வாடிச்சுன்னு இருக்கா? தேடிப் பாருங்க. வாடுன பூவை எந்தப் பிள்ளை தலையில வைப்பா?"

அவர் தாளை வாங்கி உதட்டை அசைத்துப் படித்தார். மேலே இருந்து கீழே, கீழே இருந்து மேலே. பாட்டில் வாடல் இல்லை. அது நாங்கள் எல்லாரும் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோய் அதில் போட்ட வாடல். அழகு போய்விடுகிறது என்று நீங்கள் மறுக்கவில்லை, மரத்தில் இருந்தது மரத்தில் இல்லைதான். ஆனால் அது எங்கே போயிற்று என்று பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்தவர் நீங்கள் ஒருவர். நாங்கள் மரத்தடியிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம்.

வழக்கு ஜெயித்தது என்றுதான் நினைத்தேன். இலையை மடித்துவிட்டு எழுந்த சம்பந்தி, கையைக் கழுவாமல் அப்படியே நின்றார்.

"சரி, பூ போய்ச் சேந்துட்டு. ஒத்துக்கிடுதேன். மரத்துக்கு என்ன பதில் சொல்லுதிய தம்பி? அதுக்குப் போனது போனதுதானே?"

எத்தனை கோர்ட்டு பார்த்தவன் நான், இந்தக் கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில், அப்பா இல்லாத வீட்டில், அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது! இடைகழியில் நின்ற கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது அரங்குவீட்டிலிருந்து அக்கா குரல் வந்தது. சாமான் வைக்கிற அந்த இருட்டறைக்குள்தான் இப்போதெல்லாம் அவள் இருப்பு. நீங்கள் போனபிறகு நல்ல காரியத்திலும் சம்பந்திமார் முன்னாலும் வந்து நிற்பதில்லை என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். யார் சொல்லியும் கேட்பதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள், நிதானமாக.

"அண்ணாச்சி, அவுக பார்சல் ஆபீசுல இருந்தவுக. பெட்டியை ரயில்ல ஏத்திவிட்டுட்டு வந்து, சோத்துல கை வைக்கும்போது, போய்ச் சேந்திருக்குமான்னு கேப்பாக. அனுப்புனவன் மறந்தாலும் அவுக மறக்கமாட்டாக. வாங்குனவங்க கிடைச்சுதுன்னு ஒரு வரி எழுதிப் போட்டா, அன்னைக்குப் பூரா சந்தோசமா இருப்பாக. அந்தப் பிள்ளை மரத்தைக் கும்பிடுதாள்லா, அது அந்த ஒரு வரிதான். மரத்துக்கு அது போதும்."

உங்களோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், ஒரு நாளாவது இந்தப் பாட்டைப் பற்றி வாயைத் திறந்திருக்கிறாளா? அவள் சொன்னபிறகுதான் கடைசி வரி எனக்கு முழுசாக விளங்கியது. குளிக்கிறவள் ஏன் நிமிர்ந்து நிற்கிறாள்? தண்ணீருக்குள் குனிந்திருந்தால் மேற்கே மலை தெரியாது. அந்த மரத்தை அவள் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. இருந்தாலும் எங்கோ ஒரு மரம் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. அத்தான், படித்துறையில் அப்படி ஒரு பெண்ணை நீங்கள் நிஜமாகவே பார்த்தீர்களா?

அக்காவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சம்பந்தி போனபிறகு கேட்டும் பார்த்தேன். ஆற்றில் வந்த பூவை எடுத்துத் தலையில் வைத்தால் சளி பிடிக்காதா, நான் என்ன கிறுக்கியா என்று திட்டினாள். ஆனால் முகம் சிவந்துதான் இருந்தது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் ரகசியத்தை.

பாட்டைப் பந்தலில் பாடலாம் என்று அன்றைக்கே சம்மதித்துவிட்டுத்தான் சம்பந்தி வண்டி ஏறினார். ஒரே ஒரு நிபந்தனை, முகாரி மட்டும் கூடாது. மங்களம் பாடுகிற மத்தியமாவதியில் பாடவேண்டும் என்று ராகத்தையும் அவரே சொன்னார். நாதசுரப் பைத்தியம் அவருக்கு. இதெல்லாம் தெரியாமல் நான் அவரிடம் நிலையாமை பேசிக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

முகூர்த்தத்தன்று காலையில் வெயிலும் சாரலும் சேர்ந்தே வந்தன. தாரை வார்க்க நானும் என் மனைவியும் நின்றோம். தாலி ஏறியது. ஓதுவார் எழுந்து தொண்டையைச் செருமினார். அந்த மனிதர் எத்தனை சாவு வீட்டில் இதைப் பாடியிருக்கிறார், நாக்கு பழகிவிட்டது; இழுப்பு முகாரிப் பக்கமாகவே போயிற்று. சம்பந்தி மேடையிலிருந்தே ஒரு இருமல் இருமினார் பாருங்கள், தவில்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஓதுவார் சட்டென்று மத்தியமாவதியில் ஏறிக்கொண்டார்.

அத்தான், அதே பாட்டுத்தானா? அதே சொற்கள்தான், ஒன்றும் மாறவில்லை. பூ விழுந்தபோது ஒருவர் முகமும் வாடவில்லை. ஆறு கைகொடுத்து நடத்திச் சென்றபோது குழந்தைகள் தாளம் போட்டார்கள். குளிக்கிறவள் சிரித்துக்கொண்டே சூடியபோது கோமதி சிரித்தேவிட்டாள், மணப்பெண் என்ற நினைப்பே இல்லாமல். நான்தான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதால் கணக்கில்லை என்று என் மனைவி சொன்னாள்.

பாட்டு முடிந்ததும் மணமக்கள் பெரியவர்கள் காலில் விழவேண்டும். முதலில் சம்பந்தியும் அவர் மனைவியும் நிற்பது முறை. புரோகிதர் கூப்பிட்டார். சம்பந்தி நகரவில்லை. கோமதியையும் மாப்பிள்ளையையும் பார்த்துச் சொன்னார்.

"கும்பிடுததுக்கு மரம் உள்ள, அரங்குவீட்டுல இருக்கு. நம்ம இங்கன நின்னா எப்படி? நடங்க."

பந்தல் முழுக்கக் குசுகுசுவென்று பேச்சு. அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்து, முதல் ஆசீர்வாதத்துக்கே அங்கே கூட்டிக்கொண்டு போவது நல்லதா என்று காதோடு கேட்டார். சம்பந்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நல்லதைக் கெட்டதுன்னு நினைச்சு ஒரு தடவை ஏமாந்துட்டேன். போதும்," என்றார். மகனையும் மருமகளையும் முன்னால் விட்டு அவர் பின்னால் நடந்தார். மாலைகள் வாசற்படியில் உரசின.

அக்கா ஓடி ஒளிய இடம் பார்த்தாள். அந்தச் சின்ன அறையில் எங்கே போவாள்? அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, வேண்டாம் அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்குள் இரண்டு பேரும் காலில் விழுந்துவிட்டார்கள். சம்பந்தி வாசற்படியில் நின்று, "போட்டுவிடு தங்கச்சி," என்றார். அட்சதைத் தட்டு பந்தலில் இருந்தது, எடுத்து வர யாருக்கும் தோன்றவில்லை. அக்கா பக்கத்து மூட்டையில் கையை விட்டு, மஞ்சள் காணாத வெறும் பச்சரிசியை அள்ளினாள். இரண்டு கையாலும் அள்ளி அந்தப் பிள்ளைகள் தலையில் போட்டாள். பிறகு சிரித்தாள் அத்தான். நீங்கள் இருந்தபோது சிரிப்பாளே, அப்படி, வாய்விட்டு.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி எந்த நல்ல காரியம் நடந்தாலும் அக்கா அரங்குவீட்டுக்குள் இருக்கமாட்டாள், பந்தலில் முதல் ஆளாக நிற்பாள். அவள் மாட்டேன் என்றால் கையைப் பிடித்து நான் கூட்டிவருவேன். யாராவது குறுக்கே வந்தால் என் வாய் இருக்கிறது. அதற்கும் மேலே ஒரு வாசுதேவநல்லூர் இருமல் இருக்கிறது.

பூ போய்ச் சேர்ந்துவிட்டது அத்தான். அதற்குத்தான் இந்த ஒரு வரி.

கோமதியின் தாய்மாமன்,
என்றும் உங்கள் மைத்துனன்,
தென்காசி.